கலைக்காத பாதி

மயிலேறி கேட்ட கேள்விக்குப் பல மடங்களில் பதில் கிடைத்திருந்தது. ஒரு மடத்தில் வினை என்றார்கள். ஒரு மடத்தில் மாயை என்றார்கள். இன்னொரு மடத்தில் முதலில் சோறு போட்டார்கள். சாப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

கரிசல் காட்டுக்குள் பேராச்சியம்மை என்று ஒருத்தி இருக்கிறாள், மடம் என்று பேருக்கு இரண்டு அறை, கொஞ்சம் நிலம், அதை அவளே உழுது சாப்பிடுகிறாள் என்று வழியில் யாரோ சொன்னார்கள். போனார்.

அம்மை வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவருடைய கடைசித் தங்கை வயதுதான் இருக்கும். ஐம்பதைத் தாண்டிய மனிதன் இவளிடம் போய் என்ன கேட்பது என்று ஒரு கணம் தயங்கினார்.

"என்ன வேணும்?"

"ஒரு கேள்வி இருக்கு."

"கேளும்."

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க. தாயில்லாத பிள்ளைங்க. எங்க ஊர்ல மழை பொய்ச்ச வருஷம், வீட்டுல கிடந்த சோளத்தைக் கஞ்சி காய்ச்சி ரெண்டுக்கும் சரிபாதியா ஊத்தினேன். ஒண்ணுக்கு ஒரு மடக்கு கூடவும் இல்லை, குறைச்சலும் இல்லை. சின்னது முதல்ல போச்சு. அந்த வாரம் முடியுறதுக்குள்ள பெரிசும் போச்சு."

அம்மை கையில் இருந்த சாணத்தைக் கீழே வைத்தாள்.

"நான் பங்கு வெச்சதுல என்ன தப்பு?" என்றார் மயிலேறி.

அவள் வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள். விரல் இடுக்குகளில் கரிசல் மண் வெடித்ததைப் போலவே தோல் வெடித்திருந்தது.

"ஏர் பிடிப்பீரா?"

"பிடிப்பேன்."

"விதைப்பு வருது. இரும்."

அவ்வளவுதான். மயிலேறி அங்கேயே இருந்துவிட்டார்.

புரட்டாசி கடைசியில் நல்ல மழை. மண் கால் புதையப் புதையக் குடித்தது. இரவல் ஏர் வாங்கி இரண்டு பேரும் சோளம் விதைத்தார்கள். நிலத்தின் நடுவே ஒரு வரப்பு ஓடியது. மேற்கே பாதி, கிழக்கே பாதி. ஒரே மண், ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு.

முளைத்து வந்ததைப் பார்க்க மயிலேறிக்குக் கண் கொள்ளவில்லை. விட்டுப்போன இடம் என்று ஒன்று கிடையாது. உழவுச் சாலுக்குச் சால் பச்சை நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. காலையில் கஞ்சிகூடக் குடிக்காமல் வரப்பில் போய் உட்கார்ந்துகொள்வார். காற்று வந்தால் எல்லாம் ஒன்றாகத் தலையாட்டும். பிள்ளைகள் போன பிறகு அவர் ஒரு இடத்தில் இருக்க ஆசைப்பட்டது அந்த வரப்பில்தான்.

ஒரு நாள் காலையில் போனபோது அம்மை மேற்குப் பாதிக்குள் குனிந்து நின்றாள். நடந்துகொண்டே பயிரைப் பிடுங்கினாள். களையை அல்ல, சோளத்தை. வேரோடு வந்த நாற்றுகள் அவள் போன வழியெல்லாம் கிடந்தன.

"என்ன செய்யுதீங்க?"

"கலைக்கேன். நெருக்கம் குறையணும்."

"நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"பிறகு ஏன்?"

"மண்ணுக்குள்ள கிடக்கிற தண்ணி இவ்வளவுதான். மேக்கொண்டு மழை வந்தா நல்லது. வராட்டா, கதிர் முத்துற மட்டும் இந்தத் தண்ணியிலதான் ஓடணும். இத்தனை வாய்க்குக் காணாது."

அவளுடைய கை நிற்கவில்லை. ஒரு சாணுக்கும் மேலே இடைவெளி விட்டு ஒரு பயிர். மற்றதெல்லாம் தரையில். இரண்டு சாலுக்கு ஒரு சால் முழுதாகவே போயிற்று.

"எதைப் பிடுங்குறது, எதை விடுறதுன்னு எப்படித் தெரியும்?"

"சோனியா இருக்கிறதைப் பிடுங்கணும்."

"ரெண்டும் ஒண்ணுபோல இருந்தா?"

"எதையாவது பிடுங்கணும்."

"எதையாவதா?"

"எதையாவது."

மயிலேறி கீழே கிடந்த ஒரு நாற்றைக் கையில் எடுத்தார். வேரில் இன்னும் ஈரமண் ஒட்டியிருந்தது. வெயில் ஏறாத வேளைதான், ஆனாலும் இலை அதற்குள் துவளத் தொடங்கிவிட்டது.

"இதுதானா நான் கேட்டதுக்குப் பதில்?"

அம்மை நிமிர்ந்து பார்த்தாள். என்னவோ சொல்ல வந்தவள்போல உதடு அசைந்தது. சொல்லவில்லை.

"கிழக்குப் பாதியை நீர் கலைச்சு விடும்" என்றாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

கிழக்குப் பாதிக்குப் போய் மயிலேறி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு நாற்றைப் பிடித்து இழுத்தார். மண் அதை லேசில் விடவில்லை. பிறகு மெல்லிய சத்தத்தோடு விட்டது. கையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சுட்டுவிரலால் அதே இடத்தில் குழி தோண்டி, அதை உள்ளே வைத்து, சுற்றிலும் மண்ணை அழுத்தினார். அன்று முழுக்க அவர் செய்த வேலை அது ஒன்றுதான்.

சாயங்காலம் அம்மை வந்து பார்த்தாள்.

"கலைக்கலையா?"

"என்னால முடியாது."

"மழை நிச்சயமில்லை."

"இருக்கட்டும். ஒண்ணைக்கூடப் பிடுங்க மாட்டேன்."

அவள் வரப்பில் ஏறி நின்று அந்தப் பச்சையைப் பார்த்தாள்.

"சரி. கிழக்கு உம்ம பாதி" என்றாள்.

அதற்குப் பிறகு மயிலேறி ஆளே மாறிப்போனார். காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரியிடம் கேட்டு ஆட்டுப்புழுக்கை சுமந்து வந்தார். கூடை கூடையாகக் கிழக்குப் பாதியில் தூவினார். எந்தச் சாலுக்கும் கூடிவிடாமல், எந்தச் சாலுக்கும் குறைந்துவிடாமல் தூவினார்.

"குப்பை போடுதீரா?" என்றாள் அம்மை.

"நிக்கிறது எல்லாத்துக்கும் காணுற மாதிரி போடுதேன். எல்லாத்துக்கும் கிடைச்சா எல்லாம் பிழைக்கும்."

"வளத்தி கூடும். கூடினா தாகமும் கூடும்."

மயிலேறி காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டார். அடுத்த கூடைக்குப் போய்விட்டார்.

அடுத்து ஒரு மழை விழுந்தது. கிழக்கு கருகருவென்று எழுந்தது. ஆள் உள்ளே போனால் தெரியாது. மேற்கோ, சீக்கில் முடி கொட்டிய தலைபோல அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது. வண்டிப்பாதையில் போகிறவர்கள் நின்று பார்த்து, "மயிலேறி பாதிதான் வெள்ளாமை" என்றார்கள். அதை அம்மையின் காதில் விழும்படியே சொன்னார்கள்.

வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கம் முப்பிடாதியின் குடிசை. புருஷன் உப்பளத்து வேலைக்கு என்று போனவன், தகவல் இல்லை. இரண்டு சின்னப் பிள்ளைகளும் ஒரு கறவைப் பசுவும் அவளுக்கு மிச்சம். பிள்ளைகள் உயிர் வாழ்ந்தது அந்தப் பாலில்தான். பசுவுக்கு ஏதாவது பச்சை கிடைக்குமா என்று அவள் அடிக்கடி வருவாள்.

"ஆளை மறைக்குதே அண்ணாச்சி, உங்க சோளம்" என்றாள் ஒரு நாள், வாயில் கை வைத்துக்கொண்டு.

"எல்லாம் நிக்குது பாத்தியா? ஒண்ணும் போகலை."

"மகராசனா இருங்க."

மயிலேறி சிரித்தார். சிரித்தபோது அவருக்கே அந்தச் சத்தம் புதிதாக இருந்தது.

மேற்கில் அம்மை கொத்திக்கொண்டே இருந்தாள். களை ஒன்றும் இல்லை, ஆனாலும் களைக்கொத்தியைக் கீழே வைக்கவில்லை.

"என்னத்தைக் கொத்துதீங்க, வெறும் மண்ணை?"

"வெடிப்பை மூடுதேன். வெடிச்சா அது வழியா உள்ள கிடக்கிற ஈரம் போயிரும்."

மயிலேறி தன் பாதியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே கொத்தி போக இடமே இல்லை. சாலுக்கும் சாலுக்கும் நடுவே இலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

கார்த்திகை வந்தது. மேகம் வந்தது, நின்றது, கடல் பக்கமாகப் போயிற்று. தினமும் அப்படியே வந்து போயிற்று. பிறகு மேகமும் வருவதில்லை.

கிழக்கில் உச்சி வெயில் நேரத்தில் இலைகள் சுருண்டன. சாயங்காலம் விரிந்துகொள்ளும். சில நாளில் சாயங்காலமும் விரியவில்லை. அடி இலைகள் பழுத்துத் தொங்கின. தண்டுக்குள் கதிர் பொதியாகத் திரண்டு நின்றது. வெளியே தள்ளப் பயிருக்குத் தெம்பில்லை. அத்தனை உயரத்துக்கு வளர்ந்து, வேருக்கு எட்டிய ஈரத்தை எல்லாம் இலைக்கே குடித்துத் தீர்த்திருந்தது. கதிருக்கு என்று மண்ணில் ஒன்றும் மிச்சமில்லை.

மயிலேறி ஒரு பொதியை நகத்தால் கீறிப் பிரித்தார். உள்ளே கதிர் பஞ்சுபோல வெளுத்து, உலர்ந்திருந்தது. இன்னொன்றைப் பிரித்தார். அதுவும் அப்படியே. அதற்குமேல் பிரிக்கக் கை வரவில்லை.

கிணற்றில் குடிக்கிற அளவுக்குத்தான் தண்ணீர். அவர் குடத்தை எடுத்தார்.

அம்மை தடுக்கவில்லை. "உம்ம பங்குத் தண்ணியை ஊத்தும். என் பங்கைத் தொடாதேயும்" என்றாள்.

அவர் தன் பங்கை ஊற்றினார். நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டியது. குடத்துத் தண்ணீரைக் கரிசல் வெடிப்பு ஒரே மடக்கில் உள்ளே வாங்கிக்கொண்டது. ஊற்றிய இடத்துக்கும் ஊற்றாத இடத்துக்கும் கொஞ்ச நேரத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

மேற்கில் பயிர் இடுப்புக்குமேல் வளரவில்லை. ஆனால் அதில் கதிர் வந்தது. சின்னக் கதிர்தான். பால் பிடித்தது. அம்மை அதைத் தொட்டுப் பார்க்கக்கூட இல்லை. கொத்திக்கொண்டே இருந்தாள்.

மார்கழியில் ஒரு நாள் அவள் கிழக்குப் பக்கம் வந்தாள்.

"இதை அறுத்துப் போட்டுரும். நல்லாக் காயவெச்சா மாட்டுக்குத் தட்டையாவது மிஞ்சும்."

"இன்னும் உசிரு இருக்கு."

"பாதி உசிரு. அதான் சொல்லுதேன். வாடி நிக்கிற சோளத்துல விஷம் ஏறும். ஒரு தூத்தல் விழுந்து புதுசாத் துளிர்த்தா அது இன்னும் மோசம். மாடு வாய் வெச்சா தாங்காது. உமக்குத் தெரியாதா?"

தெரியும். சோளம் போட்டவன் எவனுக்கும் தெரியும்.

"வேலி போட்டுக்கிடுதேன்" என்றார்.

"அறுத்துரும், மயிலேறி."

"அறுக்க மாட்டேன்."

உடைமுள்ளை வெட்டி வந்து கிழக்குப் பாதியைச் சுற்றி வேலி அடைத்தார். கையெல்லாம் முள் கீறி ரத்தம். உள்ளே போய் வர மட்டும் ஒரு இடம் விட்டு, அதை ஒரு முள்கட்டால் மூடிவைத்தார்.

அந்த வாரமே தூறல் விழுந்தது. மண்ணின் மேலே படிந்த புழுதியை நனைக்கிற தூறல்தான். ஆனால் மறுநாள் காலையில் முள்கட்டை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனவர் குனிந்து பார்த்தார். காய்ந்த தண்டுகளின் தூரில் பச்சைத் துளிர். ஒன்றில் இல்லை, எல்லாவற்றிலும். நடந்து நடந்து பார்த்தார், எங்கு பார்த்தாலும் துளிர்.

"அம்மை!" என்று கத்திக்கொண்டு ஓடினார்.

அம்மை மடத்துக்குப் பின்னால் இருந்தாள். "பிழைச்சுட்டு அம்மை, எல்லாம் பிழைச்சுட்டு" என்று அவளுடைய கையைப் பிடித்து இழுத்தார். குரு என்ற நினைப்பே இல்லாமல் இழுத்தார்.

அவள் முதலில் கேட்டது, "வேலியை அடைச்சீரா?"

அவர் பிடித்திருந்த கையை விட்டார். இரண்டு பேரும் ஓடினார்கள்.

முப்பிடாதியின் பசு கிழக்குப் பாதிக்குள் நின்றது. தலையைத் தொங்கப்போட்டு, வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தது. கடைவாயில் பச்சை நுரை. கால்கள் நடுங்கின. பிறகு முன்னங்கால் மடங்கி விழுந்தது. வண்டிப்பாதையிலிருந்து முப்பிடாதி அலறிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள்.

விஷம் முறியும் என்று யாரோ கருப்பட்டியைக் கரைத்து எடுத்து வந்தார்கள். மயிலேறி பசுவின் வாயைப் பிளந்து பிடிக்க, அம்மை ஊற்றினாள். பாதி உள்ளே போயிற்று, பாதி மண்ணில் போயிற்று. பசு காலை உதைத்தது. அப்புறம் உதைக்கவில்லை.

மடியிலிருந்து பால் தானாகக் கசிந்தது. பிள்ளைகளில் சின்னது பசுவின் பக்கத்தில் மண்டியிட்டு, கசிகிறதைக் கையில் ஏந்தப் பார்த்தது. முப்பிடாதி பிள்ளையைப் பிடித்து இழுத்து, கையை மண்ணில் தேய்த்துத் துடைத்துவிட்டாள்.

அவள் திட்டுவாள் என்று மயிலேறி நினைத்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார்.

"இனி இதுகளுக்கு என்னத்த அண்ணாச்சி கொடுப்பேன்?" என்றாள் அவள். உண்மையாகவே அவரிடம் வழி கேட்பதுபோலக் கேட்டாள்.

பசுவைப் புதைத்துவிட்டு வந்த மயிலேறி கிழக்குப் பாதிக்குள் இறங்கினார். அரிவாளை எடுக்கவில்லை. ஒவ்வொரு தூராகக் கையால் பிடித்துப் பிடுங்கினார். காய்ந்த மண் விடாமல் இறுக்கிப் பிடித்தது. உள்ளங்கை கிழிந்தது. பிடுங்கியதைக் குவித்துத் தீ வைத்தார்.

தையில் மேற்குப் பாதியை அறுத்தார்கள். கதிரை அடித்துத் தூற்றி எடுத்தபோது ஒரு குவியல் நின்றது. மழை பெய்த வருஷமாக இருந்தால் அதைக் குவியல் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வருஷம் அந்தப் பக்கத்தில் மனிதன் தின்னக்கூடிய சோளம் விளைந்தது அந்தப் பாதியில் மட்டும்தான்.

அம்மை முதலில் விதைக்கு எடுத்து வைத்தாள். மடத்துக்கு ஒரு சிறு பானை அளவு ஒதுக்கினாள். மிச்சத்தை எல்லாம் மூட்டை கட்டச் சொன்னாள்.

"முப்பிடாதி வீட்டுல போட்டுட்டு வாரும்."

மயிலேறி சுமந்து போய் இறக்கிவிட்டு வந்தார். அவள் வாசலுக்கு வந்தபோது அவர் நிமிரவில்லை.

திரும்பி வந்தபோது அம்மை களத்தில் உட்கார்ந்து, மண்ணோடு கிடந்த மணிகளைக் கூட்டி அள்ளிச் சுளகில் புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அம்மை, எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"என்ன புரிஞ்சுது?"

"நான் கலைச்சிருக்கணும்."

"கிழக்கையா?"

"இல்லை. பிள்ளையை."

சுளகு நின்றது.

மயிலேறியின் குரலில் அழுகை இல்லை. கோபமும் இல்லை. ஊருக்கு எந்த வழி என்று கேட்டவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஒரு பிள்ளைக்குக் காணுற கஞ்சி. அதை ரெண்டுக்கு ஊத்தினேன். சமமா ஊத்துறேன்னு ரெண்டையும் கொன்னேன். சின்னது எப்பவும் சோனி. அதுக்கு ஊத்தாம விட்டிருந்தா பெரிசு இன்னைக்கு ஆளா நின்னிருக்கும். எனக்குக் கல்லு மனசு இல்லாமப் போச்சு. இத்தனை மடத்துல ஒருத்தரும் இதைச் சொல்லலை. நீங்கதான் காட்டினீங்க. அன்னைக்கே காட்டினீங்க, நான்தான் கோபப்பட்டேன்."

எழுந்து அவளுடைய காலில் விழப்போனார்.

அம்மை நெருப்பை மிதித்தவள்போலக் காலை இழுத்துக்கொண்டாள். சுளகு கவிழ்ந்து மணிகள் சிதறின. இத்தனை மாதத்தில் அவளுடைய முகத்தை அப்படி அவர் பார்த்ததில்லை. பசு விழுந்த அன்றுகூட அது அப்படி ஆகவில்லை.

"அன்னைக்கே நான் வாயைத் திறந்திருக்கணும்" என்றாள். அவரிடம் சொன்னதாகத் தெரியவில்லை. "நீராப் புரிஞ்சுக்கிடுவீருன்னு விட்டேன்."

"புரிஞ்சுக்கிட்டேன் அம்மை. இப்போதானே சொன்னேன்."

அவள் எழுந்தாள். சிதறிய மணிகளைப் பொறுக்கவில்லை.

"வாரும்."

வண்டிப்பாதையைத் தாண்டி முன்னால் நடந்தாள். அவர் பின்னால் போனார். உச்சி வெயில். முப்பிடாதியின் குடிசைக்கு வெளியே ஒரு வேலமரம். அதன் அரைகுறை நிழலில் அம்மை நின்றாள். அவரும் நின்றார். அங்கிருந்து பார்த்தால் தட்டி விலகிய வாசல் வழியாக உள்ளே அடுப்பு தெரிந்தது.

முப்பிடாதி கஞ்சிப் பானையை இறக்கினாள். பிள்ளைகள் இரண்டும் ஆளுக்கு ஒரு வட்டிலோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. இதில் கொஞ்சம் ஊற்றினாள், அதில் கொஞ்சம் ஊற்றினாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தலையைத் தரையோடு சாய்த்து மட்டம் பார்த்தாள். ஒன்றிலிருந்து அகப்பை நுனியால் தொட்டு மற்றதில் விட்டாள். மறுபடி பார்த்தாள். பிறகு பானைக்குள் தண்ணீர் விட்டு, விரலால் சுற்றி அலம்பி, அந்தத் தண்ணீரைத் தான் குடித்தாள்.

மயிலேறியின் தலையும் அவளோடு சேர்ந்து சாய்ந்திருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

"நீர் கொண்டுபோட்ட சோளம் எதுவரைக்கும் வரும்?" என்றாள் அம்மை.

"ஆடி மட்டும்கூட வராது."

"பிறகு?"

"பிறகு ஒண்ணும் இல்லை. நம்மகிட்டயும் இல்லை."

"ஒரு பிள்ளைக்குன்னா?"

அவர் யோசித்தார். விவசாயி அல்லவா, கணக்கு தானாக வந்தது.

"ஒரு பிள்ளைக்குன்னா விதைப்பு மழை வரைக்கும் ஓடும்."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

உள்ளே பெரியது தன் வட்டிலை வேகமாகக் குடித்து முடித்துவிட்டுச் சின்னதன் வட்டிலைப் பார்த்தது. சின்னது வட்டிலை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

அம்மை அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்போ போம். உமக்குத்தான் புரிஞ்சுபோச்சே. போய், எந்தப் பிள்ளைக்கு ஊத்தக்கூடாதுன்னு அவகிட்டச் சொல்லிட்டு வாரும். நான் இங்கன நிக்கேன்."